சுற்றி உட்கார்ந்திருப்பவர்களையும் பாருங்கள்: ஜூபிலி மீடியாவுக்கு ஒரு திறந்த மடல்

ஜூபிலி மீடியாவின் நிறுவனர் ஜேசன் லீ அவர்களுக்கும், அங்கே நிகழ்ச்சிகளை வடிவமைத்து, படம்பிடித்து, தொகுத்து வெளியிடும் எல்லோருக்கும்,

வணக்கம். நீங்கள் யூடியூபில் வெளியிடும் உரையாடல், விவாதக் காணொளிகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருபவன் நான். பேட்டிகளையும் கலந்துரையாடல்களையும் எடிட் செய்வது என் பிழைப்பு. அதனால் உங்கள் நிகழ்ச்சியைப் பார்க்கும்போதெல்லாம், எந்த இடத்தில் வெட்டியிருக்கிறார்கள், யாருடைய முகத்தை எதற்காக அங்கே கொண்டுவந்து வைத்தார்கள் என்று கண் தானாகத் தேடும். இதைத் தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. உங்களைப் பார்த்து, உங்களைப் போலவே எடுக்க நினைக்கிறவர்கள் எங்கள் மொழியிலும் இருக்கிறார்கள். உங்களுக்குச் சொல்வது அவர்கள் காதிலும் விழட்டும்.

முதலில் நன்றி. 2010இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்காக நியூயார்க் சுரங்க ரயில் நிலையத்தில் பாட்டுப் பாடி நிதி திரட்டியதில் ஆரம்பித்த கதை உங்களுடையது. ஜூபிலி ப்ராஜெக்ட் என்ற பெயரில், லாப நோக்கு இல்லாமல், சமூகப் பிரச்சினைகளைப் பற்றிக் குறும்படங்கள் எடுத்தீர்கள். 2017இல் அது லாஸ் ஏஞ்சல்ஸில் ஜூபிலி மீடியா என்ற வணிக நிறுவனமாக மாறியது. சேவையாகத் தொடங்கியது வியாபாரமாகிவிட்டதே என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கலாம். எனக்கு அதில் குறை தெரியவில்லை. நன்கொடை வந்தால் படம், வராவிட்டால் இல்லை என்று எத்தனை நாள் ஓட்ட முடியும்? அரங்கு வாடகை, கேமரா, சம்பளம் எல்லாம் மாதம் பிறந்தால் வாசலில் வந்து நிற்கும். மனிதர்கள் உட்கார்ந்து பேசுவதை மட்டுமே சரக்காக வைத்து ஒரு நிறுவனம் பிழைக்க முடியும், ஒரு கோடிக்கு மேல் சந்தாதாரர்களைச் சேர்க்க முடியும் என்று காட்டினீர்கள். அது சின்ன விஷயம் இல்லை.

என்னை உங்களிடம் இழுத்தது மிடில் கிரவுண்ட் நிகழ்ச்சி. எவ்வளவு எளிமையான அமைப்பு அது! இரண்டு தரப்பு. கருக்கலைப்பை ஆதரிப்பவர்கள், எதிர்ப்பவர்கள், இஸ்ரேலியர்கள், பாலஸ்தீனர்கள், பூமி தட்டை என்று நம்புகிறவர்கள், விஞ்ஞானிகள். கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு வாக்கியம் வாசிக்கப்படும். அதை ஒப்புக்கொள்கிறவர்கள் முன்னால் வந்து வட்டமாக உட்கார்ந்து, ஏன் ஒப்புக்கொள்கிறோம் என்று முதலில் பேசுவார்கள். மற்றவர்கள் அப்புறம் வந்து சேர்வார்கள். இந்த வரிசைதான் அதன் உயிர். எதிர்த்தரப்பு வாயைத் திறக்கும் முன்பே, ஒருவர் தன் காரணத்தைத் தன் சொந்த வார்த்தையில் சொல்லி முடித்துவிடுவார். கேட்டுக்கொண்டு நிற்பவருக்கு அந்த நேரத்தில் வேறு வேலை இல்லை, கேட்பதைத் தவிர. சில சமயம் இரண்டு தரப்பிலிருந்தும் ஆட்கள் ஒரே வாக்கியத்துக்கு எழுந்து வந்துவிடுவார்கள். ‘இவரும் வந்துவிட்டாரே’ என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் அந்தப் பார்வையை எந்த எடிட்டராலும் செயற்கையாக உருவாக்க முடியாது.

உங்கள் ஸ்பெக்ட்ரம் நிகழ்ச்சியும் அப்படித்தான். ஒரே மதத்தை, ஒரே தொழிலை, ஒரே அடையாளத்தைச் சேர்ந்தவர்களைத் தரையில் போட்ட கோடுகளில் நிற்கச் சொல்வீர்கள். ஒரு கேள்விக்குப் பக்கத்தில் நின்றவர்கள் அடுத்த கேள்விக்கு எதிரெதிர் முனைக்குப் போய்விடுவார்கள். ‘அவங்க எல்லாருமே இப்படித்தான்’ என்று பேசிப் பழகியவர்களுக்கு இதைவிட நல்ல பதிலை நான் பார்த்ததில்லை.

அப்புறம் 2024 செப்டம்பரில் சரவுண்டட் என்ற நிகழ்ச்சி வந்தது.

நடுவில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. ஒன்றில் பெயர் தெரிந்த ஒருவர். சுற்றிலும் இருபது, இருபத்தைந்து எதிர்க்கருத்துக்காரர்கள். நடுவில் இருப்பவர் ஒரு கூற்றைச் சொன்னதும் சுற்றியிருப்பவர்கள் எழுந்து ஓடிவந்து காலி நாற்காலியைப் பிடிக்க வேண்டும். முந்தியவர் வாதிடலாம். அவர் பேசுவது மற்றவர்களுக்குத் திருப்தி இல்லையென்றால் சிவப்புக் கொடியைத் தூக்குவார்கள். பாதிக்கு மேல் கொடிகள் எழுந்தால் அவர் எழுந்து போக வேண்டும், அடுத்த ஓட்டம். முதல் பகுதியில் வலதுசாரிப் பேச்சாளர் சார்லி கிர்க் நடுவில், தாராளவாதக் கல்லூரி மாணவர்கள் சுற்றிலும். அது கோடிக்கணக்கானவர்களைப் போய்ச் சேர்ந்தது. வலதுசாரி விமர்சகர் பென் ஷபீரோ, ஜனநாயகக் கட்சி அரசியல்வாதி பீட் புட்டிஜெஜ், இடதுசாரி விமர்சகர் சாம் சீடர், உளவியலாளர் ஜோர்டன் பீட்டர்சன், பத்திரிகையாளர் மெஹ்தி ஹசன் என்று பெரிய பெயர்கள் அந்த நாற்காலிக்கு வந்தன. அமெரிக்காவில் அரசியல் பேசுகிற எவரும் ஒதுக்கிவிட முடியாத இடமாகிவிட்டீர்கள்.

இது ஏன் இப்படி ஓடுகிறது என்று தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன். ஒன்றரை மணி நேரம் ஓடும் காணொளி, ஆனால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஆள் மாறுகிறார். போரடிக்கும் முன் ஓட்டம், இழுபறி, கொடி. யூடியூப் 2012லேயே, எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. நீண்ட நேரம் கட்டிப்போடும் காணொளியை அது தானே நாலு பேருக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கும். அதே காணொளியை நாற்பது துண்டாக நறுக்கினால் நாற்பது ஷார்ட்ஸ். அதிலும் ஒரு வசதி பாருங்கள்: ஒரே பகுதியிலிருந்து வலதுசாரிகள் தங்கள் ஆள் ஜெயித்த துண்டை எடுத்துக்கொள்வார்கள், இடதுசாரிகள் தங்கள் ஆள் மூக்குடைத்த துண்டை எடுத்துக்கொள்வார்கள். இரண்டு பேருமே உங்களுக்கு இலவச விளம்பரம். வியாபாரக் கணக்கில் இதில் ஓட்டை கண்டுபிடிக்க முடியாது.

என் வருத்தம் அந்த நாற்காலிகளின் அமைப்பைப் பற்றியது.

பார்க்கிறவர்களுக்கு அது ‘ஒருவருக்கு எதிராக இருபது பேர்’ போலத் தெரிகிறது. நடுவில் இருப்பவர் தைரியசாலி, தனி ஆளாகக் கூட்டத்தைச் சமாளிக்கிறார் என்று தோன்றுகிறது. நடப்பது நேர் எதிர். எந்த நேரத்திலும் மேசையில் இருப்பது ஒருவருக்கு ஒருவர்தான். அதில் ஒருவர் மைக் முன்னால் பேசியே வாழ்கிறவர். அன்று பேசப்போகும் கூற்றுகளை வைத்திருப்பவரும் அவர்தான். அவரை யாரும் கொடி காட்டி எழுப்ப முடியாது. எதிரில் வருபவர் ஒரு மாணவராக இருக்கலாம், கடையில் வேலை பார்ப்பவராக இருக்கலாம். அரங்குக்கு அன்றுதான் முதல்முறை வந்திருப்பார். ஓடிவந்த மூச்சு அடங்கும் முன் பேச வேண்டும், பேசும்போதே முதுகுக்குப் பின்னால் கொடிகள் எழுகின்றனவா என்று பதற வேண்டும். அவருடைய சொந்தத் தரப்பே அவரைக் கீழே இறக்கக் காத்திருக்கிறது. இந்த நிலையில் யாராவது ‘நீங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, கொஞ்சம் யோசிக்கிறேன்’ என்று சொல்வார்களா? சொன்னால் அடுத்த நொடி கொடி.

எங்கள் ஊர்ப் பட்டிமன்றத்திலும் சூடு பறக்கும். ஆனால் அங்கே அணி என்பது அன்றைய மாலைக்கு எடுத்துக்கொண்டது. வீட்டுக்குப் போகும்போது யாரும் அதைச் சுமந்துகொண்டு போவதில்லை. உங்கள் அரங்கில் ஒருவர் வைக்கும் பந்தயம் அவருடைய மதம், உடல், குடியுரிமை. தோற்றால் அதையும் தூக்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போக வேண்டும்.

எடிட்டிங் பக்கத்திலிருந்து இன்னொன்றும் சொல்ல வேண்டும். உரையாடல் காணொளியில் மிகக் கஷ்டமான முடிவு மௌனத்தை என்ன செய்வது என்பதுதான். டைம்லைனில் ஒலி அலை தட்டையாகத் தெரியும் இடம் அது. கேள்வி கேட்கப்பட்டது, எதிரில் இருப்பவர் கண்ணைத் தாழ்த்துகிறார், உதட்டைக் கடிக்கிறார், ஏதோ சொல்ல வந்து நிறுத்துகிறார். ஐந்து, ஆறு நொடி. அவசரமாக வேலை பார்க்கிற எடிட்டர் அதை வெட்டி, பதிலைக் கேள்வியோடு ஒட்டவைத்துவிடுவார். வேகம் கூடும். ஆனால் யோசித்து வந்த பதில், தயாராக வைத்திருந்த பதில் போல ஆகிவிடும். அதே மௌனத்தை அப்படியே விட்டு, அதன்மேல் வேறொருவர் நமுட்டுச் சிரிப்புச் சிரிக்கும் முகத்தை வைத்தால், யோசித்தவர் மாட்டிக்கொண்டவராகத் தெரிவார். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. ஆனால் ஆள் மாறிவிட்டார். மிடில் கிரவுண்டில் மௌனத்துக்கு இடம் இருந்தது. ஓடிவந்து உட்காரும் நாற்காலியில் மௌனம் என்றால் தோல்வி என்று அமைப்பே தீர்மானித்துவிடுகிறது, எடிட்டர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

‘புரிதலைத் தூண்டுவது, மனிதர்களுக்கிடையே உறவை உருவாக்குவது’ என்று உங்கள் நோக்கத்தை நீங்களே சொல்லி வருகிறீர்கள். அந்த நோக்கத்தை நான் நம்புகிறேன். அதனால்தான், புரிதல் எப்படி வரும் என்று எழுபது ஆண்டுகளாக ஆராய்ந்து வைத்திருப்பதை எடுத்துப் பேசத் தோன்றுகிறது.

உங்கள் நாட்டின் உளவியல் அறிஞர் கோர்டன் ஆல்போர்ட் 1954இல் சொன்னது இது. எதிரெதிர்க் குழுக்கள் சந்தித்துக்கொண்டால் மட்டும் வெறுப்பு குறைந்துவிடாது. சந்திப்பில் இருவருக்கும் சம அந்தஸ்து வேண்டும், பொதுவான இலக்கு வேண்டும், ஒத்துழைப்பு வேண்டும், நடத்துகிற அதிகாரத்தின் ஆதரவும் வேண்டும். 2006இல் பெட்டிக்ரூ, ட்ராப் என்ற இருவர் 515 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, சந்திப்பு பொதுவாக வெறுப்பைக் குறைக்கிறது என்றும், ஆல்போர்ட் சொன்ன சூழல் இருந்தால் இன்னும் நன்றாகக் குறைகிறது என்றும் காட்டினார்கள்.

அதே 1954ஆம் ஆண்டு கோடையில் ஓக்லஹோமாவின் ராபர்ஸ் கேவ் பூங்காவில் உளவியலாளர் முஸாஃபர் ஷெரீஃப் நடத்திய சோதனையை நீங்கள் கட்டாயம் கேள்விப்பட்டிருப்பீர்கள். பதினோரு வயதையொட்டிய 22 சிறுவர்கள், எல்லோரும் ஒரே மாதிரிக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். இரண்டு குழுவாகப் பிரித்து, கயிறு இழுத்தல், பேஸ்பால் என்று போட்டி வைத்தார்கள். சில நாட்களிலேயே ஒரு குழு மற்றதன் கொடியை எரித்தது, குடிலுக்குள் புகுந்து சூறையாடியது. சரி, பழகவிட்டால் தணியும் என்று ஒன்றாக உட்கார்த்திச் சாப்பாடு போட்டார்கள், படம் காட்டினார்கள். சாப்பாட்டை எடுத்து ஒருவர்மேல் ஒருவர் வீசிக்கொண்டதுதான் மிச்சம். கடைசியில் முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றுபோனபோதும், லாரி கிளம்பாமல் நின்றபோதும், இரண்டு குழுவும் சேர்ந்து கைவைத்தால்தான் காரியம் நடக்கும் என்ற நிலை வந்தது. அங்கேதான் பகை கரைந்தது. கயிறு இழுக்கும் போட்டியில் பிடித்த அதே கயிற்றைக் கட்டி லாரியைச் சேர்ந்து இழுத்தார்கள்.

அந்த ஆய்வாளர்கள் சிறுவர்களை வேண்டுமென்றே உசுப்பிவிட்டார்கள் என்று பின்னாளில் கடுமையான விமர்சனம் எழுந்தது. ஆளைத் தேர்ந்தெடுத்து, அணி பிரித்து, விதியும் எழுதிவிட்டு, ‘பாருங்கள், இவர்கள் சண்டை போடுகிறார்கள்’ என்று சொல்ல முடியாதல்லவா? விதியை எழுதியவர்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

இன்னொரு ஆய்வு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. அரசியல் அறிவியல் ஆய்வாளர்களான டேவிட் ப்ரூக்மன், ஜோஷுவா கல்லா இருவரும் 2016இல் வெளியிட்டது. மயாமியில் தொண்டர்கள் வீடு வீடாகப் போய், திருநர்களைப் பற்றி வாக்காளர்களிடம் பேசினார்கள். ஆளுக்குப் பத்து நிமிடம் போல. வாதம் கிடையாது. ‘நீங்கள் வித்தியாசமானவர் என்பதற்காக யாராவது உங்களை மட்டமாக நடத்தியது உண்டா?’ என்று கேட்டார்கள். வீட்டுக்காரர் தன் கதையைச் சொல்வார். தொண்டர் குறுக்கே பேசாமல், தீர்ப்பு சொல்லாமல் கேட்பார். மூன்று மாதம் கழித்துக் கேட்டபோதும் அந்த மனமாற்றம் நிலைத்திருந்தது. பத்து நிமிடம்! உங்கள் ஒரு பகுதியில் ஒன்பது பேருக்கு இந்தப் பத்து நிமிடத்தைத் தரலாம்.

இப்போது 2025 ஜூலையில் வெளியான மெஹ்தி ஹசன் பகுதிக்கு வருகிறேன். ஒரு முற்போக்காளருக்கு எதிரில் இருபது தீவிர வலதுசாரிகள் என்று தலைப்பு. எதிரில் உட்கார்ந்த இளைஞர் தன்னைப் பாசிஸ்ட் என்றே ஒப்புக்கொண்டார், சுற்றியிருந்தவர்கள் சிலர் கைதட்டினார்கள். இன்னொருவர், குடியுரிமை பெற்ற அமெரிக்கரான ஹசனை நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னார். பாசிஸ்டுகளோடு விவாதிப்பதில்லை என்று ஹசன் சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரி. இந்தக் கருத்துகள் நாட்டில் இருக்கின்றன, மூடி வைத்தால் போய்விடாது என்று நீங்கள் சொல்லலாம். இருக்கின்றனதான். ஒரு செய்தியாளர் அவர்களைத் தேடிப்போய்ப் பேட்டி எடுத்தால் நானும் பார்ப்பேன். ஆனால் எதிரில் இருப்பவர் இந்த மண்ணில் இருக்கலாமா கூடாதா என்பதையே அவரை வைத்து விவாதிக்கச் சொன்னால், ஆல்போர்ட் கேட்ட சம அந்தஸ்து முதல் நொடியிலேயே போய்விடுகிறது. ஒருவர் இழப்பது ஒரு வாதத்தை; மற்றவர் இழப்பது தன் இடத்தை. இந்த இருவரையும் ஒரே உயர நாற்காலியில் உட்கார்த்தியதால் மட்டும் சமமாகிவிடாது.

தன்னைப் பாசிஸ்ட் என்று சொன்ன அந்த இளைஞருக்கு என்ன ஆனது என்பதும் உங்களுக்குத் தெரியும். காணொளி வந்தபின் தன் வேலை போய்விட்டதாகச் சொன்னார், இணையத்தில் நிதி கேட்டார், பணமும் வந்தது. அவருடைய கருத்து எனக்கு அருவருப்பானது. அதைச் சொல்லிவிட்டே கேட்கிறேன்: அந்த அரங்கிலிருந்து வெளியே வந்தபோது அவர் கொஞ்சமாவது யோசிக்கிறவராக மாறியிருப்பாரா, அல்லது முன்னைவிடக் கெட்டிப்பட்டிருப்பாரா? கைதட்டலும் பணமும் ஒரு பக்கம், வசவு மறுபக்கம். இடையில் அவரோடு உட்கார்ந்து பேச ஒருவருமே இல்லை.

பீட்டர்சன் பகுதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஒரு கிறிஸ்தவர், இருபது நாத்திகர்கள்’ என்று பெயர் வைத்து வெளியிட்டீர்கள். நீங்கள் கிறிஸ்தவரா என்று கேட்டபோது அவர் ஆம் என்று சொல்ல மறுத்தார். பிறகு தலைப்பிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிட்டு அவர் பெயரைப் போட்டீர்கள். அதைக் கிண்டலடித்த துண்டுகள் எங்கும் பரவின. எனக்குக் கிண்டல் தோன்றவில்லை. ஒரு மனிதர் தன் நம்பிக்கையைப் பற்றி என்ன சொல்வார் என்று கேட்கும் முன்பே லேபிள் ஒட்டியாகிவிட்டது என்பதுதான் தெரிந்தது. ஸ்பெக்ட்ரமில் நீங்கள் உடைத்த அதே லேபிள்.

தடுப்பூசியை எதிர்ப்பவர்கள் நடுவில் டாக்டர் மைக் உட்கார்ந்த பகுதியைப் பார்த்தபோதும் இதே வருத்தம். அந்த மருத்துவர் பொறுமையானவர், முடிந்தவரை கேட்டார். ஆனால் பயந்துபோய் வரும் ஒரு தாயிடம் மருத்துவர் செய்வது என்ன? கதவைச் சாத்திவிட்டு, ‘என்ன நடந்தது, சொல்லுங்க’ என்பார். கொடிகளுக்கு நடுவில் அதை எப்படிச் செய்வது?

தொலைக்காட்சி இந்த வழியில் ஏற்கனவே போய்ப் பார்த்துவிட்டது. சின்சினாட்டி நகர மேயராக இருந்த ஜெர்ரி ஸ்ப்ரிங்கர் 1991இல் தன் நிகழ்ச்சியைத் தொடங்கியபோது அது அரசியலும் சமூகப் பிரச்சினைகளும் பேசும் கௌரவமான நிகழ்ச்சி. பார்வையாளர் எண்ணிக்கை ஏறவில்லை என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றினார்கள். சில ஆண்டுகளில் மேடையில் நாற்காலி பறந்தது. 1995இல் இன்னும் மோசமானது நடந்தது. அமெரிக்காவின் இன்னொரு உரையாடல் நிகழ்ச்சியான ஜென்னி ஜோன்ஸ் நிகழ்ச்சிக்கு வந்த ஒருவர், ஒளிப்பதிவு முடிந்த மூன்றாம் நாள் அதே மேடையில் தன்மேல் காதல் என்று சொன்ன மற்றவரைச் சுட்டுக் கொன்றார். குடும்பத்தார் வழக்குப் போட்டார்கள். 1999இல் ஜூரி 2.5 கோடி டாலர் இழப்பீடு தரச் சொன்னது. 2002இல் மிச்சிகன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டப்படி நிறுவனம் தப்பியது. பிரிட்டனில் ஜெரமி கைல் நிகழ்ச்சி 2019 மே மாதம், அதில் பங்கேற்ற ஒருவர் இறந்தபின் நிறுத்தப்பட்டது. ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்காம், பங்கேற்பாளர்களின் மனநலத்தைக் காக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு என்று விதி எழுதி, அது 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்த விதி தொலைக்காட்சிக்கும் வானொலிக்கும்தான். உங்களை அது கட்டுப்படுத்தாது. உங்களுக்கு நீங்களேதான் எழுதிக்கொள்ள வேண்டும்.

அதனால் கேட்கிறேன். அந்த இருபது பேருக்காக முதலில் ஒரு விதி எழுதுங்கள். ஒளிப்பதிவு முடிந்ததும் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடாமல், சில நாள் அவகாசம் கொடுங்கள். ‘என் பகுதியை எடுத்துவிடுங்கள்’ என்று சொல்லும் உரிமை இருக்கட்டும். வெளியிடும் முன் அவர்கள் வரும் இடத்தை அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். பொது வாழ்க்கையில் இல்லாத ஒருவரின் திகைத்த முகத்தை முகப்புப் படமாக வைக்காதீர்கள். அதை மட்டும் துண்டாக வெட்டி நீங்களே ஓடவிடாதீர்கள். வெளியான வாரம் அவர்களைக் கூப்பிட்டு, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க ஒரு மனநல ஆலோசகரை வைத்துக்கொள்ளுங்கள். இவற்றில் சில உங்களிடம் ஏற்கனவே இருந்தால், வெளிப்படையாக எழுதிப் போடுங்கள். உங்களைப் பார்த்து எடுப்பவர்களும் பின்பற்றுவார்கள். ஒன்றரை மணி நேரக் காணொளியின் விளம்பர வருமானத்தில் இதற்கான செலவு பெரிதாக இருக்காது. யூடியூப் விளம்பரப் பணத்தில் 55 சதவீதம் காணொளி எடுத்தவருக்கு வருகிறது. அந்த ஐம்பத்தைந்தில் அந்த இருபது பேரின் முகமும் இருக்கிறது.

அடுத்தது கொடி. அதை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, 1950களின் தொடக்கத்தில் உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் சொன்ன விதியை வைத்துப் பாருங்கள்: எதிரில் இருப்பவர் சொன்னதை, அவர் ‘ஆமாம், அதைத்தான் சொன்னேன்’ என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்குத் திருப்பிச் சொன்ன பிறகுதான் பதில் சொல்லலாம். கேட்க எளிதாக இருக்கும். செய்யச் சொன்னால் பேச்சையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு மூச்சு முட்டும். ஷபீரோ ஒரு மாணவரின் வாதத்தை அவர் தலையசைக்கும்வரை திருப்பிச் சொல்ல முயல்வதை நான் ஒரு மணி நேரம் பார்ப்பேன். அதில் பரபரப்பு இல்லை என்று யார் சொன்னது? இரண்டாவது முயற்சியிலும் ‘இல்லை, நான் சொன்னது அது இல்லை’ என்று எதிரில் இருப்பவர் சொல்லும்போது எவ்வளவு இறுக்கம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

புரிதல் வந்ததா என்று அளந்தும் பாருங்கள். 2019 செப்டம்பரில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் ஜேம்ஸ் ஃபிஷ்கினும் அவருடைய குழுவினரும் அமெரிக்கா முழுவதிலிருந்தும் 500க்கும் மேற்பட்ட வாக்காளர்களை டெக்சாஸில் ஒரே இடத்தில் கூட்டிச் சில நாள் பேசவைத்தார்கள். பேசும் முன்னும் பின்னும் அதே கேள்விகளைக் கேட்டு, மாற்றத்தை வெளியிட்டார்கள். உங்களிடம் பங்கேற்பாளர்கள் இருக்கிறார்கள், ஒரு தாளும் பேனாவும் போதும். பகுதியின் கடைசியில் அந்த விடையைத் திரையில் போடுங்கள். எதுவும் மாறவில்லை என்று வந்தாலும் போடுங்கள்.

இதையெல்லாம் யார் பார்ப்பார்கள் என்று உங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்பார். எல்லா நிறுவனத்திலும் அப்படி ஒருவர் இருப்பார், அவர் கேட்பதிலும் தப்பில்லை. சம்பளம் போட வேண்டியவர் அவர். ஆனால் அவரிடம் உங்கள் சேனலின் பழைய பட்டியலை எடுத்துக் காட்டுங்கள். கொடி இல்லாமல், ஓட்டம் இல்லாமல், பிரபலம் இல்லாமல், முன்பின் தெரியாத ஆறேழு பேர் வட்டமாக உட்கார்ந்து பேசிய காணொளிகளைப் பல லட்சம் பேர் பார்த்தார்கள். அந்த வட்டத்தின் மேல்தான் நிறுவனமே எழுந்தது. சரவுண்டட் வருவதற்கு முன்பே நீங்கள் பெரிய சேனல்தான்.

2025 செப்டம்பர் 10ஆம் தேதி சார்லி கிர்க், யூட்டா மாநிலத்தின் யூட்டா வேலி பல்கலைக்கழக வளாகத்தில் மாணவரின் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். உங்கள் நிகழ்ச்சிக்கும் அதற்கும் முடிச்சுப் போடுவது அநியாயம், நான் போடவில்லை. அவருடைய கருத்துகளில் பெரும்பாலானவற்றை நான் ஏற்றதும் இல்லை. ஆனால் உங்கள் முதல் பகுதியில் அவர் எதிரில் ஓடிவந்து உட்கார்ந்த மாணவர்கள் அந்தச் செய்தியை எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். அவர்களில் சிலருக்கு அவரிடம் கேட்க இன்னும் ஏதாவது இருந்திருக்கும். அந்த மேசையில் நேரம் கிடைத்திருக்காது.

அந்த மாணவர்களிடமிருந்தே தொடங்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. வர விருப்பமுள்ளவர்களைத் திரும்ப அழையுங்கள். ஹசன் பகுதியில் இருந்தவர்களில், பீட்டர்சன் பகுதியில் இருந்தவர்களில் நான்கைந்து பேரையும் கூப்பிடுங்கள். நடுவில் யாரும் வேண்டாம். வட்டமாக நாற்காலி போட்டு, ‘அந்தக் காணொளி வெளியானபின் உங்களுக்கு என்ன நடந்தது?’ என்று கேளுங்கள். வீட்டில் என்ன சொன்னார்கள், வேலையிடத்தில் என்ன சொன்னார்கள், அன்று சொல்ல வந்து சொல்லாமல் விட்டது என்ன, இப்போது கருத்து மாறியிருக்கிறதா, இல்லையென்றால் ஏன். எடிட்டருக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: மௌனங்களை வெட்டவேண்டாம். ஷார்ட்ஸுக்கு ஏற்ற ஒரு வரிகூட அதிலிருந்து தேறாமல் போகலாம். முழு நீளமாகவே போடுங்கள், நாங்கள் பார்க்கிறோம்.

அன்புடன்,
உங்கள் தொழிலைச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பார்வையாளன்